அம்மம்மா சொன்ன வன்னிக் கதைகளில் எது வரலாறு?

நீங்கள் கேட்டதை முதலில் என் வார்த்தையில் ஒருமுறை சொல்லிப் பார்க்கிறேன். உங்கள் அம்மம்மா முள்ளியவளையில் பிறந்து வளர்ந்தவர், இப்போது உங்களோடு வவுனியாவில் இருக்கிறார். பண்டாரவன்னியனைக் காக்கைவன்னியன் காட்டிக்கொடுத்தது, கற்சிலைமடுவில் அவன் வீழ்ந்தது, வற்றாப்பளை அம்மனுக்குக் கடல்நீரில் விளக்கெரிவது, யானையைப் பிடித்துக் கட்டிய அரியாத்தை, உங்கள் பழைய வயலுக்குப் பக்கத்தில் குழி குழியாக வெட்டிய கல்லுக்குக் கீழே புதையல் கிடப்பது எல்லாம் அவர் வாயில் ஒரே தொனியில், நேற்று நடந்ததுபோல வருகின்றன. இணையத்தில் ஒருவர் இதெல்லாம் கட்டுக்கதை என்கிறார், இன்னொருவர் எல்லாமே ஆதாரமுள்ள வரலாறு என்று சண்டை பிடிக்கிறார். எது உண்மை என்று கேட்டுவிட்டு, கடைசி வரியில் "அம்மம்மா சொல்வதை என் பிள்ளைக்குச் சொல்லலாமா?" என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் உண்மையான கேள்வி அதுதான் என்று எடுத்துக்கொண்டு பதில் எழுதுகிறேன்.

நான் முப்பது வருடத்துக்கு மேல் வன்னிப் பாடசாலைகளில் வரலாறு படிப்பித்தவன். பல்கலைக்கழக ஆய்வாளன் அல்ல. சனி ஞாயிறுகளில் சைக்கிளில் போய், குளக்கட்டிலும் கோவில் மடத்திலும் இருந்து, வயதுபோனவர்கள் சொல்வதைக் கொப்பியில் எழுதி வந்தேன். பிராமி எழுத்தை எனக்கு நேரே வாசிக்கத் தெரியாது, ஒல்லாந்த மொழியும் தெரியாது. அந்த இரண்டிலும் மற்றவர்களின் வாசிப்பை நம்பித்தான் பேசுகிறேன். ஆகவே உறுதி என்று நான் சொல்வதை உறுதியாக எடுங்கள், என் கணிப்பு என்று சொல்வதைக் கணிப்பாகவே வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு ஊர்க்கதையைக் கேட்டவுடன் உண்மையா பொய்யா என்று தராசில் போடுவதை நான் விட்டுவிட்டேன். இந்தக் கதைக்கு எத்தனை வயது, யார் வாயிலிருந்து யார் காதுக்கு வந்தது, எந்த இடத்தைச் சுட்டிக்காட்டுகிறது என்று கேட்கத் தொடங்கினால், கதையே தன்னைப் பிரித்துக் காட்டும். உங்கள் அம்மம்மா சொன்னவற்றில் அதற்கு நல்ல உதாரணம் வன்னியின் சிற்றரசனாக இருந்த பண்டாரவன்னியன்.

1803ஆம் ஆண்டு இலங்கையில் ஆங்கிலேயருக்குக் கெட்ட ஆண்டு. யூன் மாதம் கண்டியில் இருந்த அவர்களின் படை அழிந்தது. அதே ஆண்டு ஓகஸ்ட் 25ஆம் திகதி பண்டாரவன்னியன் முல்லைத்தீவுக் கோட்டையைத் தாக்கிக் கைப்பற்றினான், அங்கிருந்த பீரங்கியையும் கொண்டுபோனான். இரண்டு மாதம் கழித்து, ஒக்டோபர் 31ஆம் திகதி, வொன் டிறிபேர்க் என்ற படை அதிகாரி ஒட்டுசுட்டானுக்குப் பக்கத்தில் கற்சிலைமடுவில் அவனைத் தோற்கடித்தான். இவ்வளவும் உறுதி. அந்த இடத்தில் ஆங்கிலேயர் காலத்து நடுகல் ஒன்று நின்றது. எங்கள் காலத்து உள்நாட்டுப் போர் 2009இல் முடிந்தபின் ஒருமுறை அது உடைக்கப்பட்டது. அதில் ஆங்கிலத்தில் இருந்த வாசகத்தைத் தமிழில் சொன்னால், "இந்த இடத்தை அண்டிக் கப்டன் வொன் டிறிபேர்க் பண்டாரவன்னியனைத் தோற்கடித்தார், 31 ஒக்டோபர் 1803" என்று வரும்.

இந்த ஒரு வரியை எத்தனையோ தடவை மாணவர்களைக் கொண்டு வாசிக்க வைத்திருக்கிறேன். வாசித்து முடிந்ததும் "அவன் எங்கே செத்தான்?" என்று கேட்பேன். எல்லோரும் "கற்சிலைமடுவில்" என்பார்கள். திரும்ப வாசிக்கச் சொல்வேன். கல்லில் இருப்பது தோற்கடித்தார் என்பது மட்டும். கொன்றார் என்ற சொல் அங்கே இல்லை. எதிரியைக் கொன்றிருந்தால், அதைக் கல்லில் வெட்டாமல் விடுகிற வழக்கம் வெற்றி பெற்றவர்களுக்கு இல்லை. வவுனியாவில் உதவி அரசாங்க அதிபராக இருந்த ஜே. பி. லூயிஸ் 1895இல் வன்னி மாவட்டங்களைப் பற்றி ஒரு பெரிய கைந்நூல் வெளியிட்டார். அவர் எடுத்துக்காட்டும் பழைய நிர்வாகக் குறிப்புகளை வைத்து, பண்டாரவன்னியன் 1803க்குப் பிறகும் உயிரோடு நடமாடினான், 1811 அளவில் காயம்பட்டுப் பனங்காமத்தில் இறந்தான் என்று வாதிடுவோர் உண்டு. 1803 ஒக்டோபரில் அவன் தோற்றது உறுதி, அன்றே இறந்தான் என்பது ஐயத்துக்குரியது, தப்பிப் பின்னும் சில ஆண்டுகள் எதிர்த்து நின்றான் என்பது கூடுதலாகப் பொருந்துகிறது. இது என் கணிப்பு. எனக்கு அந்த இரண்டாவது முடிவுதான் அவன் பெருமையைக் கூட்டுவதாகப் படுகிறது. ஒரே நாளில் விழுந்தவனைவிட, கோட்டையும் பீரங்கியும் போனபின் காட்டுக்குள் ஏழெட்டு வருடம் அடங்காமல் திரிந்தவன், அடங்காப்பற்று என்று பெயர் வாங்கிய மண்ணுக்குப் பொருத்தமானவன்.

இனிக் காக்கைவன்னியன். இந்த முடிச்சை எனக்கு அவிழ்த்துக் காட்டியது ஒன்பதாம் வகுப்பில் படித்த ஒரு பிள்ளை. யாழ்ப்பாணத்தை ஆண்ட சங்கிலி மன்னன் பாடம் நடந்து இரண்டு கிழமை கழித்துப் பண்டாரவன்னியனைச் சொல்லிக்கொண்டிருந்தேன். அவள் எழும்பி, "சேர், காக்கைவன்னியன் எத்தனை வருசம் உயிரோட இருந்தவன்?" என்று கேட்டாள். வகுப்பு சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. யாழ்ப்பாண இராச்சியம் போர்த்துக்கீசரிடம் விழுந்தது 1619இல். அந்தக் கதையிலும் சங்கிலியைப் பறங்கிகளுக்குக் காட்டிக்கொடுப்பவன் காக்கைவன்னியன். 1803இல் பண்டாரவன்னியனை வெள்ளைக்காரனுக்குக் காட்டிக்கொடுப்பவனும் காக்கைவன்னியன். இடையில் 184 வருடம். சங்கிலி கதையில் அவன் வருவது யாழ்ப்பாண மன்னர்களின் கதையைச் சொல்லும் யாழ்ப்பாண வைபவமாலை என்ற நூலில். மயில்வாகனப் புலவர் அதை எழுதியது 18ஆம் நூற்றாண்டில், ஒல்லாந்தர் காலத்தில். அதாவது, பண்டாரவன்னியன் முல்லைத்தீவுக் கோட்டைக்குள் போவதற்கு முன்னமே அந்தப் பெயர் துரோகியின் பெயராக எழுத்தில் ஏறிவிட்டது.

அந்த நூலும் சங்கிலி காலத்துக் கணக்கைக் குழப்புகிறது, இரண்டு சங்கிலிகளை ஒன்றாக்குகிறது என்பது வரலாற்றாசிரியர் எல்லோரும் ஒத்துக்கொள்ளும் விஷயம். ஆகவே முதல் காக்கைவன்னியனையே நான் கல்லில் எழுதி வைக்கமாட்டேன். இரண்டாவது காக்கைவன்னியன் விஷயத்தில் என் கணிப்பு இது: காட்டிக்கொடுப்பு ஒன்று நடந்திருக்கக்கூடும், பெயர் பின்னால் வந்து ஒட்டியது. அந்தக் காலத்து வன்னிக் காட்டுக்குள், வழி தெரிந்த ஊரவர் ஒருவர் முன்னால் நடக்காமல் ஒரு படை போய்ச் சேர்ந்திருக்கும் என்று நினைப்பது கஷ்டம். யாரோ வழி காட்டியிருப்பார்கள். அந்த யாரோவுக்கு ஒரு பெயர் தேவைப்பட்டபோது, ஏற்கெனவே ஊர் நாவில் இருந்த துரோகியின் பெயர் வந்து குந்திக்கொண்டது. தங்கையைப் பெண் கேட்டு மறுக்கப்பட்டதால் பகைத்தான் என்ற காரணமும் நம் கூத்துகளில் திரும்பத் திரும்ப வருவது. 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குப் பிறகு இந்தக் கதை நாடகமாக மேடை ஏறியது, பள்ளிக்கூடங்களில் நடிக்கப்பட்டது, வானொலியில் ஒலித்தது. மேடையில் துரோகிக்கு முகம் வேண்டும், வசனம் வேண்டும். இன்று யாரையாவது திட்ட வேண்டுமென்றால் "காக்கைவன்னியன்" என்கிறார்கள். ஒரு பெயர் வசைச்சொல்லாக மாறிவிட்டால், அந்தப் பெயருக்குப் பின்னால் ஓர் ஆள் இருந்தானா என்று கேட்பதே துரோகம்போலப் பார்க்கப்படுகிறது. அதனால்தான் இணையத்தில் அவ்வளவு சூடு.

இதை வாசித்துவிட்டு வாய்வழிக் கதை எல்லாம் இப்படித்தான் என்று முடிவெடுக்க வேண்டாம். பனங்காமத்துக் கைலாயவன்னியன் ஒல்லாந்தருக்கு லேசில் அடங்காதவன் என்பது எங்கள் பக்கத்தில் சொல்லப்படுவது. 1679இல் கண்டி இராச்சியச் சிறையிலிருந்து தப்பிய ரொபேட் நொக்ஸ் என்ற ஆங்கிலேயர், அருவியாற்றைப் பிடித்துக்கொண்டு காட்டு வழியே வந்து அரிப்பில் இருந்த ஒல்லாந்தர் கோட்டையில் சேர்ந்தார். அவர் எழுதிய நூல் 1681இல் லண்டனில் வெளிவந்தது. வழியில் தமிழ் பேசும் மக்கள் இருக்கும் ஒரு நாட்டைச் சொல்லி, அதன் தலைவன் பெயரைக் "கொயிலட் வன்னியா" என்று தன் காதுக்குக் கேட்டபடி எழுதியிருக்கிறார். வன்னியில் யாரையும் தெரியாத, யாருக்கும் கடமைப்படாத ஒரு தப்பியோடியின் சாட்சி அது. ஊர்வாயும் அந்நியன் எழுத்தும் ஒன்றையொன்று அறியாமல் ஒரே பெயரைச் சொன்னால், அந்த இடத்தில் தரை உறுதி என்று காலை ஊன்றலாம்.

வற்றாப்பளைக்கு வருகிறேன். இதில் மனம் நோகாமல் எழுத முயல்கிறேன், ஏனென்றால் நானும் வைகாசிப் பொங்கலுக்குப் போகிறவன்தான். கதை உங்களுக்குத் தெரியும். மதுரையை எரித்த கண்ணகி கடல் கடந்து வந்து இலங்கையில் இடம் இடமாகத் தங்கி, பத்தாவதாக நந்திக்கடல் ஓரத்தில் ஒரு கிழவியாக வந்து குந்துகிறாள். மாடு மேய்க்கும் பொடியள் பொங்கிக் கொடுக்கிறார்கள். பொழுது படுகிறது, விளக்குக்கு எண்ணெய் இல்லை. கடல்தண்ணீரை அள்ளி ஊற்றச் சொல்கிறாள், விளக்கு எரிகிறது. தலையில் பேன் பார்க்கச் சொல்கிறாள், முடியை விலக்கினால் தலை முழுக்கக் கண்கள். பிறகு ஆளைக் காணவில்லை.

"பத்தாம் பளை" என்பதுதான் வற்றாப்பளை ஆயிற்று என்ற விளக்கத்தை நான் ஏற்பதில்லை. பளை என்பது பளை, தெல்லிப்பளை, புலோப்பளை என்று வடக்கு முழுக்க ஊர்ப்பெயர்களில் வருவது. அங்கெல்லாம் யாரும் தங்கலை எண்ணிக்கொண்டு வரவில்லை. ஊர்ப்பெயர் முந்தி, கதை பிந்தி. ஆனால் கண்ணகி வழிபாட்டின் பழமை வேறு விஷயம். செங்குட்டுவன் கண்ணகிக்குக் கோவில் எடுத்தபோது இலங்கையின் கயவாகு மன்னன் அங்கே இருந்தான் என்று சிலப்பதிகாரம் சொல்கிறது. சிங்கள மக்கள் அவளைப் பத்தினித் தெய்வமாக இன்றும் வணங்குகிறார்கள். யாழ்ப்பாணத்தில் 19ஆம் நூற்றாண்டில் ஆறுமுக நாவலர் கண்ணகி வழிபாட்டை எதிர்த்தார். அதன்பின் அங்கே பல கண்ணகி கோவில்கள் இராஜராஜேஸ்வரி என்றும் புவனேஸ்வரி என்றும் பெயர் மாறின. வன்னியும் மட்டக்களப்பும் அந்தக் காற்றில் அசையவில்லை. அதனால், பழைய வழிபாட்டின் சாயலை அதிகம் மாறாமல் காணக்கூடிய இடங்களில் வற்றாப்பளையும் ஒன்று.

விளக்கு விஷயம். நடப்பதைச் சொல்கிறேன்: பொங்கலுக்கு முன்னோடியான பாக்குத்தெண்டல் சடங்கு முடிந்து, சிலாவத்தைக் கடற்கரையில் தீர்த்தம் எடுத்து, முள்ளியவளை காட்டா விநாயகர் கோவிலில் அந்த உப்புநீரில் விளக்கேற்றி, பிறகு வற்றாப்பளைக்குக் கொண்டுபோய்த் திங்கட்கிழமை பொங்கல். உப்புநீர் தானாக எரியாது என்று விஞ்ஞான ஆசிரியர் சொல்வார், அவர் சொல்வது சரி. தலைமுறை தலைமுறையாகக் கண்ணால் கண்டோம் என்று அடியார்கள் சொல்வார்கள், அவர்களை மறித்து வாதாட என்னிடம் வரலாற்றுக் கருவி ஒன்றும் இல்லை. பூசை மண்டபத்துக்குள் போய்த் திரியைப் பிரித்துப் பார்ப்பது என் வேலையும் அல்ல. எனக்குரிய கேள்வி, ஏன் கடல்நீர் என்பது. கடற்கரையில் தொடங்கி, வயற்கரை ஊரைத் தொட்டு, களப்பு ஓரத்தில் முடிகிற அந்தப் பாதையை ஒருமுறை நடந்து பாருங்கள். மீன் பிடிக்கிறவர், நெல் விதைக்கிறவர், மாடு வளர்க்கிறவர் மூவரின் நிலமும் ஒரு விளக்கில் கட்டப்படுகிறது. கதையில் வரும் மாட்டுக்காரப் பொடியளும் பொங்கற்சோறும் கடல்தண்ணீரும் அந்த மூன்றும்தான். இந்த உறவைச் சொல்லும் ஆவணம் ஓர் அரசாங்கக் கச்சேரியிலும் கிடைக்காது, சடங்கில் மட்டும்தான் கிடைக்கும்.

அதே கோவிலில் பன்னிச்சை மரக் கதையும் உண்டு. குதிரையில் வந்த பறங்கித் துரை ஒருவன் அம்மனைப் பழித்தான், பக்கத்தில் நின்ற பன்னிச்சை மரம் பேயாட்டம் ஆடித் தன் காய்களால் அவனை எறிந்து துரத்தியது. இதைப் பாடுவதற்கென்றே ஒரு சிந்து இருக்கிறது. வலைக்குச் சாயம் ஊட்டப் பன்னிச்சங்காயைப் பயன்படுத்திய மக்கள் கையில் கிடைத்த ஆயுதம் அந்தக் காய். துரை யார், எந்த ஆண்டு என்று இதில் தேடிப் பயனில்லை. எங்கள் முதியவர்களுக்குப் போர்த்துக்கீசனும் பறங்கிதான், ஒல்லாந்தனும் பறங்கிதான், சிலவேளை இங்கிலீசுக்காரனும் பறங்கிதான். குதிரையில் உயரத்தில் இருந்தவனைப் பார்த்து நிலத்தில் நின்றவர்கள் நினைத்தது என்ன என்பது இந்தச் சிந்தில் இருக்கிறது, அதை நான் முழுமையாக நம்புகிறேன்.

இன்னொன்றையும் சொல்லாமல் விடமுடியாது. 2009 மே மாதம் போர் அந்தக் கரையில் முடிந்தபோது நந்திக்கடலின் பெயர் உலகத்துக்கே தெரியவந்தது. எரிந்த ஊரிலிருந்து பசியோடும் களைப்போடும் வந்து அந்தக் களப்பு ஓரத்தில் இருந்த ஒரு பெண்ணின் கதையை, அதற்குப் பிறகு எங்கள் சனம் கேட்கும் விதம் மாறிவிட்டது. ஒரு சொல்கூட மாறவில்லை, கேட்பவர்களின் முகம்தான் மாறியது. ஊர்க்கதை ஒன்றின் வயதைக் கணக்கிடும்போது இதையும் சேர்க்க வேண்டும். சொல் பழையதாக இருக்கும், பொருள் போன வருடம் வந்ததாக இருக்கும்.

அரியாத்தை கதையை நீங்கள் ஒரு வரியில் எழுதிவிட்டுப் போயிருக்கிறீர்கள். தயவுசெய்து அப்படிக் கடந்து போகாதீர்கள். வேலப்பணிக்கன் பெண்சாதி அரியாத்தை, ஆண்கள் பின்வாங்கிய கொம்பன் யானையைப் பிடித்துக் கொண்டுவந்து கட்டுகிறாள். பொறாமை கொண்டவர்கள் வெற்றிலையில் நஞ்சு வைத்துக் கொல்கிறார்கள். குமுழமுனைப் பக்கத்தில் இது வெறும் கதையாக வருவதில்லை, வேலப்பணிக்கன் ஒப்பாரியாக, அழுகைப் பாட்டாக வருகிறது. அரியாத்தை என்ற பெயரை ஓர் ஆவணத்தில் காட்டு என்று கேட்டால் காட்ட இயலாது. ஆனால் வன்னிபங்கள், அதாவது வன்னித் தலைவர்கள், போர்த்துக்கீசருக்கும் பிறகு ஒல்லாந்தருக்கும் திறையாக யானை கொடுத்தது ஆவணத்தில் உண்டு. யானை பிடிப்பதைத் தொழிலாகச் செய்தவர்களுக்குப் பணிக்கர் என்று பேர். திறை குறைந்தால் தலைவனுக்குக் கரைச்சல், தலைவனுக்குக் கரைச்சல் என்றால் பணிக்கனுக்கு உயிர்ப்பயம். அந்த நெருக்குதல் ஆண்களின் எழுத்தில் எண்ணிக்கையாகக் கிடக்கிறது, பெண்களின் ஒப்பாரியில் ஒரு வீட்டுக்குள் நடந்த சாவாகக் கிடக்கிறது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் படித்தால்தான் யானை வணிகம் என்ற சொல்லுக்குள் இருந்த மனிதர் தெரிவார்கள். உங்கள் அம்மம்மாவுக்கு அந்த ஒப்பாரியில் நாலு வரியாவது பாடமாக இருந்தால், அது அவர் சொன்ன மற்ற எல்லாவற்றையும்விடப் பெரிய செல்வம்.

ஊர்ப்பெயர்களைப் பற்றிச் சுருக்கமாக. பூதம் ஒரே இரவில் கட்டியது, பூதம் உடைத்தது என்று குளங்களைப் பற்றிக் கேட்டிருப்பீர்கள். முறிப்பு என்று முடியும் ஊர் எல்லாம் கட்டு முறிந்த குளத்தின் ஞாபகம், தண்ணீர்முறிப்பு மாதிரி. மோட்டை சிறு குட்டை, மடு ஆழமான நீர்நிலை. காடு மூடிய பெரிய குளங்களைக் கட்டியவர்கள் யாரென்று மறந்துபோன பிறகு வந்து குடியேறியவர்களுக்கு, இத்தனை மண்ணை மனிதர் சுமந்தார்கள் என்று நம்ப முடியவில்லை. பூதத்தை வைத்துக் கணக்கை நேராக்கினார்கள். மன்னார்ப் பக்கத்துக் கட்டுக்கரைக்குளத்துக்கு இங்கிலீசில் இராட்சதக் குளம் என்றுதான் பேர். வவுனிக்குளத்தைப் பாலி நூல்கள் சொல்லும் பெலிவாபி என்று 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஹென்றி பார்க்கர் என்ற நீர்ப்பாசனப் பொறியியலாளர் அடையாளம் கண்டார். அவர் கணக்கு சரியென்றால் அந்தக் குளத்துக்கு இரண்டாயிரம் வருடத்துக்கு மேல் வயது. இந்த விஷயத்தில் பூதத்தை விட்டுவிட்டு, கட்டில் கிடக்கும் செங்கல்லின் அளவையும் துருசின் (மதகின்) கல் வேலைப்பாட்டையும் பார்ப்பது நல்லது.

கதைக்குத் தெரியாததும் கல்லுக்குத் தெரியும். வவுனியாவில் பெரியபுளியங்குளத்துக் குகைகளில் பிராமிக் கல்வெட்டுகள் உண்டு. தமிழ் வணிகனான விசாகன் என்ற குடும்பத் தலைவன் அந்தக் குகையைத் தானமாகக் கொடுத்ததை அவை சொல்கின்றன. கிறிஸ்துவுக்கு முற்பட்ட காலத்து எழுத்து. பிராகிருத மொழியில், பௌத்தத் துறவிகளுக்கு ஒரு தமிழன் கொடுத்த கொடை. அந்தப் பக்கத்து ஊர்களில் எத்தனையோ பேரிடம் இருந்து பேசியிருக்கிறேன், விசாகன் என்ற பெயரை ஒரு வாயிலும் கேட்டதில்லை. ஒரு மனிதன் தன் பெயரைப் பாறையில் வெட்டி வைத்தும் ஊர் மறந்துவிட்டது. ஓர் எழுத்தும் வெட்டிவைக்காத அரியாத்தையை ஊர் மறக்கவில்லை. இதை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன்.

இனி அந்தப் புதையல் கல். நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால், சதுரக் கல்லில் ஒழுங்கான வரிசையில் சிறு சதுரக் குழிகள். அது அநேகமாக யந்திரக்கல். பழைய கோவில்களில் சிலையை நிறுத்துவதற்கு முன் பீடத்துக்குக் கீழே வைப்பது. குழிகள் 9, 25 என்று கணக்காக இருக்கும். அவற்றில் மணி, சிறு பொன்தகடு, சிறு உருவங்கள் என்று சடங்குக்கான பொருள்களை இட்டு மூடுவார்கள். புதையல் என்ற கதை பிறந்த இடம் அதுதான். ஆனால் நூற்றாண்டுகளுக்கு முன்பே யாரோ திறந்ததால்தான் கல் வெளியே கிடக்கிறது. பழைய துருசுகளுக்குப் பக்கத்தில் படமெடுத்த நாகக்கல் நிற்பதும் இப்படித்தான். அது தண்ணீரைக் காவல் காக்க வைத்த நாகம், பொன்னைக் காக்க வைத்தது அல்ல. இந்த நம்பிக்கையால் வன்னியில் அழிந்ததைச் சொன்னால் நெஞ்சு எரியும். ஒரு காட்டுக் கோவிலின் கருவறை நிலத்தை ஆளுயரத்துக்குக் கிண்டி, தூணைச் சரித்து, எலுமிச்சம்பழமும் கோழி இறகும் போட்டுவிட்டுப் போயிருந்ததை என் கண்ணால் பார்த்தேன். பொன் கிடைத்ததோ இல்லையோ, அந்தக் கோவில் எந்தக் காலத்தது என்று சொல்லக்கூடிய மண் அடுக்கு முழுக்கக் கலங்கிவிட்டது. 1940ஆம் ஆண்டின் தொல்பொருள் கட்டளைச் சட்டப்படி அனுமதியில்லாமல் தோண்டுவது குற்றம். அதைவிட, தோண்டிவிட்டால் அந்தப் பக்கத்தைத் திரும்பப் புரட்ட முடியாது. அது புத்தர் கோவிலா சிவன் கோவிலா என்று இப்போதே முடிவெடுத்துச் சண்டைக்கும் போகாதீர்கள். கல்லை மட்டும் வைத்து அதைச் சொல்ல இயலாது, சுற்றிவரக் கிடக்கும் அத்திவாரம், ஓட்டுத் துண்டு, தூண் எல்லாம் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். இந்த மண்ணில் தமிழர் பௌத்தராகவும் இருந்தார்கள், சைவராகவும் இருந்தார்கள் என்பதை மறக்காமல் பார்ப்பவரே நிதானமாகச் சொல்வார்.

அம்மம்மாவைப் பதிவு செய்வது பற்றி. போனை அவர் முன்னால் நீட்டாமல் பக்கத்தில் வையுங்கள். "காக்கைவன்னியன் என்ன செய்தவன்?" என்று கேட்காதீர்கள். நான் ஆரம்பத்தில் செய்த பெரும் பிழை அது. பெயரை நான் கொடுத்தேன், அவர்கள் "ஓம்" என்றார்கள், நான் அதை ஊர் மரபு என்று எழுதினேன். "பண்டாரவன்னியனுக்கு என்ன நடந்தது?" என்று மட்டும் கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டு இருங்கள். இதை யார் சொல்லித் தந்தது, அப்போது எத்தனை வயது, சூடு மிதிக்கும் களத்திலா, கோவில் திருவிழாவிலா, பள்ளிக்கூட நாடகத்திலா என்று கேளுங்கள். ஆறு மாதம் விட்டு அதே கதையைத் திரும்பச் சொல்ல வையுங்கள். இரண்டு தடவையும் மாறாமல் நிற்கும் பகுதியைக் கோடிட்டு வையுங்கள், பழைய சரக்கு அதில்தான் இருக்கும். வயல்களின் பெயர், சிறு குளங்களின் பெயர், அந்தக் காலத்து ஊர்த் தலைவரான விதானையார் யார் என்பதையும் கேட்டு எழுதுங்கள். பதிவை ஓர் இடத்தில் மட்டும் வைக்காதீர்கள். என்னுடைய கொப்பிகள் இரண்டு பெட்டி நிறைய இருந்தன. 2009இல் இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து போனபோது முதல் பெட்டியை மாத்தளனுக்குப் போகும் வழியில் விட்டேன், மற்றதை எங்கே விட்டேன் என்பதே ஞாபகம் இல்லை. அதில் பேசியவர்களில் பலர் இப்போது இல்லை.

பிள்ளைக்குச் சொல்லலாமா என்று கேட்டீர்கள். எல்லாவற்றையும் சொல்லுங்கள், கிழவியின் தலையில் கண்கள் இருந்ததையும் சேர்த்து. சொல்லும்போது "பூட்டி இப்படிச் சொன்னவ, பூட்டிக்கு அவவின்ர ஆச்சி சொன்னவ" என்று ஆரம்பியுங்கள். கற்சிலைமடுக் கல் விஷயம் வந்தால், "கல்லில் இப்படி எழுதியிருந்தது" என்று அந்த வரியையும் வாசித்துக் காட்டுங்கள். யார் சொன்னது என்பது தெரிந்தால், எதை எவ்வளவு நம்புவது என்று பிள்ளை பெரிதானபின் தானே பார்த்துக்கொள்ளும்.

எனக்கு உங்களிடமிருந்து இரண்டு விஷயம் தேவை. வயல் பக்கம் யாராவது போனால், அந்தக் கல்லை அசைக்காமல், பக்கத்தில் ஒரு அடிமட்டத்தை வைத்து மேலிருந்து ஒரு படம் எடுக்கச் சொல்லுங்கள், குழிகளையும் எண்ணச் சொல்லுங்கள். மற்றது அம்மம்மாவிடம் கேட்க வேண்டியது. அவர் சிறுபிள்ளையாக, நாடகம் எதுவும் பார்ப்பதற்கு முன், முதன்முதலாக இந்தக் கதையைக் கேட்டபோது, காட்டிக்கொடுத்தவனுக்குப் பெயர் இருந்ததா, அல்லது "ஒருத்தன்" என்று மட்டும்தான் சொன்னார்களா? பெயரை நீங்கள் எடுத்துக் கொடுக்காமல் கேட்டு, அவர் சொன்ன சொல்லிலேயே எழுதி அனுப்புங்கள்.